இருமுறை தொடங்கிய கலை: நளினி மலானியும் அசையும் படிமமும்

1. தொடக்கம் பற்றிய இரு கணக்குகள்

இந்திய வீடியோக் கலையின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும் எந்த நூலும் நளினி மலானியைத் தவிர்த்துவிட்டு மேலே செல்ல முடிவதில்லை. ஆனால் அவருடைய அந்தக் கலைவாழ்க்கை எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஒன்றோடொன்று பொருந்தாத இரு விடைகள் கிடைக்கின்றன. முதல் விடை அவரை அடிப்படையில் ஓவியராகக் கருதுகிறது. 1990களின் அரசியல் நெருக்கடியும் பொருளாதாரத் தாராளமயமும் இந்தியக் கலைஞர்கள் பலரைச் சட்டமிட்ட ஓவியத்திலிருந்து நிறுவல்கலைக்கு, அதாவது ஓர் இடம் முழுவதையுமே படைப்பாக மாற்றும் கலைக்கு, நகர்த்தியபோது மலானியும் அவ்வழியே வீடியோவுக்கு வந்து சேர்ந்தார் என்பது அதன் சாரம். கலை விமர்சகர் கீதா கபூர் அக்காலத்தைப் பற்றி எழுதியவை இந்த வாசிப்புக்கு வலுவான அடித்தளம் இட்டன. அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட நிகழ்வுக்குப் பின் தேசம் என்ற கருத்தே விரிசல் கண்டதற்கும், கலைப் பொருளின் வடிவம் சிதறியதற்கும் இடையில் அவர் கண்ட தொடர்பை இன்றும் எளிதில் மறுத்துவிட முடியாது.

இரண்டாம் விடை அண்மைக் காலத்தில் வலுப்பெற்றது. 2014இல் தில்லியின் கிரண் நாடார் அருங்காட்சியகத்திலும், 2017இல் பாரிஸின் பொம்பிதூ மையத்திலும் நிகழ்ந்த பின்னோக்குக் காட்சிகள் இரண்டும் அவருடைய கலைவாழ்வை 1969இலிருந்தே கணக்கிட்டன. இந்தக் கணக்கின்படி மலானி, ஜே.ஜே. கலைப் பள்ளியில் படிப்பை முடித்த அதே ஆண்டில் படச்சுருளையும் கேமராவையும் கையாளத் தொடங்கிய சோதனைக் கலைஞர். ஓவியம் அவருடைய பல ஊடகங்களுள் ஒன்று மட்டுமே.

இரண்டு கணக்குகளும் ஒரு வசதியான கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன: யார் முதலில், எந்த ஆண்டில். 1976க்கும் 1992க்கும் இடையே ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் அவருடைய அசைபடப் பணி ஏன் நின்றுபோனது, மீண்டும் தொடங்கியபோது அது ஏன் பழைய வடிவில் தொடங்கவில்லை என்பவையே பதில் தேட வேண்டிய கேள்விகள். அவற்றின் வழியாக மலானியின் படைப்புகளை வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

2. பம்பாய், 1969

மலானி 1946இல் கராச்சியில் பிறந்தார். பிரிவினை அவர் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கும் பின்னர் பம்பாய்க்கும் கொண்டுவந்து சேர்த்தது. 1964 முதல் 1969 வரை சர் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்ற அவருக்கு, மாணவியாக இருந்தபோதே பூலாபாய் நினைவு நிலையத்தில் ஒரு பணியறை கிடைத்தது. ஓவியர்கள், நாடகக்காரர்கள், இசைக் கலைஞர்கள், நடனக் கலைஞர்கள் என்று பலரும் ஒரே கூரையின் கீழ் பணியாற்றிய இடம் அது. ஒரு துறைக்காரர் இன்னொரு துறையின் பட்டறைக்குள் எட்டிப்பார்ப்பது அங்கே அன்றாட வழக்கம். பிற்காலத்தில் நாடகமே அவரை அசைபடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தது என்பதால் இந்த இளமைக்காலச் சூழலைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட இயலாது.

ஓவியர் அக்பர் பதம்சீ தமக்குக் கிடைத்த ஜவாஹர்லால் நேரு நல்கையைத் தனி வசதிக்குப் பயன்படுத்தாமல், ஓவியர்களும் ஒளிப்படக்காரர்களும் திரைப்படக்காரர்களும் சேர்ந்து சோதனை செய்யும் பட்டறை ஒன்றை 1969இல் பம்பாயில் தொடங்கினார். 'விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்‌ஷாப்' என்ற அந்தப் பட்டறையில் 8 மி.மீ., 16 மி.மீ. படக்கருவிகளும் இருட்டறையும் இருந்தன. பங்கேற்றவர்களில் மிக இளையவர் மலானி. ஒரே பெண்ணும் அவரே. ஓவியர்கள் திரைப்படம் எடுப்பது அப்போது முற்றிலும் புதிதல்ல. எம்.எஃப். ஹுசைனின் குறும்படம் 1967இல் பெர்லினில் பரிசு பெற்றிருந்தது. 'கூடல்' என்ற தமிழ்த் தலைப்போடு தையப் மேத்தா எடுத்த படம் 1970இல் வெளிவந்தது. ஆனால் அவை இரண்டும் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்தவை. பதம்சீயின் பட்டறையோ எந்த நிறுவனத்தின் ஒப்புதலுக்கும் காத்திருக்கத் தேவையில்லாத இடமாக இருந்தது. அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்க நேர்ந்த விலையும் உண்டு; நல்கைப் பணம் தீர்ந்தால் பட்டறைக்கு வேறு ஆதாரம் கிடையாது.

அங்கே மலானி எடுத்த 'ட்ரீம் ஹவுஸஸ்' என்ற 8 மி.மீ. வண்ணப் படம் மிகச் சுருக்கமானது. கட்டட மாதிரி ஒன்றை அமைத்து, அதன் மீது வெவ்வேறு வண்ண ஒளிகளைப் பாய்ச்சி, சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பதிவுசெய்யும் முறையில் அது உருவானது. திரையில் வீடு என்று சொல்லத்தக்க பொருள் எதுவும் நெடுநேரம் நிலைப்பதில்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும்போது சுவர்கள் உருவாகின்றன, ஒளி மாறியதும் அச்சுவர்கள் கரைகின்றன. சார்லஸ் கொர்ரேயா போன்ற கட்டடக் கலைஞர்கள் பம்பாயின் நெரிசலுக்குத் தீர்வாகக் கடலுக்கு அப்பால் புதிய நகரம் ஒன்றைத் திட்டமிட்ட காலம் அது. நவீனக் கட்டடக்கலை எளிய மக்களுக்கும் வீடு தரும் என்ற நம்பிக்கை அப்போது கல்லூரி மாணவர்களிடையே உயிரோடிருந்தது. அந்த நம்பிக்கையின் நிறங்களே இப்படத்தில் ஓடுகின்றன.

அதே 1969இல் அவர் எடுத்த இரு கறுப்பு வெள்ளைப் படங்கள் நேர் எதிர்த்திசையில் செல்கின்றன. 'ஸ்டில் லைஃப்' ஓர் அறையிலுள்ள பொருள்களின் மீது நிதானமாக நகர்ந்து, அங்கு வாழும் ஆளைக் காட்டாமலேயே அவரைப் பற்றிப் பேசுகிறது. 16 மி.மீ.யில் எடுக்கப்பட்ட 'ஓனனிசம்' படுக்கையில் புரளும் ஒரு பெண்ணுடலை அருகிலிருந்து பார்க்கிறது. அது இன்பமா வேதனையா என்ற ஐயத்தைக் கடைசிவரை தீர்த்துவைக்காமல் விடுகிறது. பெண்ணுடலை ஆண் ஓவியர்கள் தீட்டிப் பழகிய ஒரு கலைச்சூழலில், இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் கேமராவை இந்தக் கோணத்தில் வைத்ததன் துணிவு இன்று சற்றுக் குறைத்தே மதிப்பிடப்படுகிறது. 1973இல் ராஜஸ்தான் நெசவாளரிடையே எடுத்த 'டபூ'வில், தறியைப் பெண்கள் தொடக்கூடாது என்ற விலக்கு பேசுபொருளாயிற்று.

இவற்றுள் வாசகர் மனத்தில் நிறுத்த வேண்டியது 1976இல் நிகழ்ந்த ஒரு சேர்க்கை. பழைய 'ட்ரீம் ஹவுஸஸ்' படத்துக்குப் பக்கத்தில், பம்பாயின் குடிசைப் பகுதிகளைப் பார்த்து நிற்கும் இளம்பெண்ணைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படமொன்றை மலானி வைத்தார். இரண்டும் அடுத்தடுத்த திரைகளில் ஒரே சமயத்தில் ஓடும் 'யுடோப்பியா' இவ்வாறு பிறந்தது. ஏழாண்டு இடைவெளியில் நம்பிக்கை எப்படித் தேய்ந்தது என்பதை விளக்கும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. வண்ணமும் வண்ணமின்மையும் அருகருகே நிற்பதே விளக்கம். நெருக்கடிநிலை நடைமுறையில் இருந்த அந்த ஆண்டில் பம்பாயின் ஜனதா காலனி என்ற பெருங்குடியிருப்பு இடித்து அகற்றப்பட்டது. படம் அந்த நிகழ்வைப் பற்றியதல்ல என்றாலும், அந்த ஆண்டின் நகரத்தை அறிந்தவர்களால் அதை மறந்துவிட்டு இப்படத்தைப் பார்க்க முடிந்திராது.

3. பதினாறு ஆண்டுகள்

1976க்குப் பின் வந்த இடைவெளியை, கலைஞர் ஓவியத்தின் மீது கொண்ட விருப்பத்தின் விளைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1970 முதல் 1972 வரை பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸில் பயின்று திரும்பிய மலானி, நாடு திரும்பியபின் முதன்மையாக ஓவியராகவே அறியப்பட்டார் என்பதும் உண்மை. ஆனால் பொருளியல் காரணங்களை ஒதுக்கிவிட்டு விருப்பத்தை மட்டும் முன்னிறுத்துவது சரியான ஆய்வு முறையாகாது. பதம்சீயின் பட்டறை 1972இல் மூடப்பட்டது. படச்சுருள், அதைக் கழுவும் செலவு, திரையிடும் இடம் ஆகிய மூன்றில் எதையும் தனி ஓவியரால் தொடர்ந்து தாங்கிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 1960களின் இறுதியிலேயே தோளில் மாட்டிச் செல்லத்தக்க வீடியோக் கருவி கடைகளுக்கு வந்து, நியூயார்க்கில் ஒரு தலைமுறையையே உருவாக்கிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த இந்தியாவிலோ பம்பாய்க்குத் தொலைக்காட்சி நிலையமே 1972இல்தான் வந்தது. வாங்குவதற்கு ஆளில்லாத, காட்டுவதற்குக் கூடமில்லாத ஒரு படைப்பைக் காப்பாற்றும் வலிமை அன்றைய கலைச் சந்தைக்கு இல்லை.

ஆகவே இந்த இடைவெளி தனிமனித வரலாற்றைவிட நிறுவன வரலாற்றையே அதிகம் சார்ந்தது. மேலை நாட்டு வீடியோக் கலையின் ஆண்டுக் கணக்கை அப்படியே இந்தியா மீது பொருத்தி, 'பின்தங்கித் தொடங்கினோம்' என்று வருந்துவோரும், 1969ஐக் காட்டி 'நாமும் அப்போதே தொடங்கிவிட்டோம்' என்று பெருமைப்படுவோரும் ஒரே அளவுகோலையே கையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டுகள் வெறுமையாகக் கழியவுமில்லை. 1979இல் நியூயார்க்கில், பெண் கலைஞர்களே கூட்டாக நடத்திய ஏ.ஐ.ஆர். கலைக்கூடத்தைக் கண்ட மலானி, அத்தகைய கூட்டுமுயற்சி இந்தியாவிலும் வேண்டும் என்று எண்ணி, பல ஆண்டு உழைப்புக்குப் பின் மாதவி பாரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் ஆகியோருடன் இணைந்து 'த்ரூ தி லுக்கிங் க்ளாஸ்' என்ற காட்சியை 1987 முதல் 1989 வரை பல நகரங்களில் நடத்தினார். இந்தியக் கலையில் பெண்களின் கூட்டு முன்னெடுப்பு என்ற வகையில் அதன் முக்கியத்துவம் தனிக்கட்டுரைக்குரியது. இக்கட்டுரையின் கேள்விக்கு அதைவிட நெருக்கமானது வேறொன்று: 1980களின் இறுதியில் ஓவியர் பூபென் கக்கரிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட பின்புற ஓவிய முறை.

கண்ணாடியின் பின்பக்கத்தில் தீட்டி முன்பக்கத்திலிருந்து பார்க்கும் அந்த முறையில் வேலை தலைகீழாக நடக்கிறது. சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியையும் நகைக் கோட்டையும் இங்கே முதலில் வைத்தாக வேண்டும். உடலின் நிறம் அதற்குப் பிறகு, பின்னணி எல்லாவற்றுக்கும் பிறகு. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. மலானி கண்ணாடியோடு நில்லாமல் 'மைலார்' எனப்படும், ஒளி ஊடுருவும் மெல்லிய பாலியெஸ்டர்த் தாளுக்கும் இம்முறையைக் கொண்டுசென்றார். தாளைச் சுருட்டலாம், தொங்கவிடலாம், அதன் வழியே ஒளியைப் பாய்ச்சலாம். 1991இல் தம் பணியறை இருந்த லோகர் சால் பகுதியின் தெருவாழ்க்கையைத் தொங்கும் மைலார்த் தாள்களில் அவர் தீட்டி நிறுத்தியபோது, பார்வையாளர் தாள்களுக்கிடையே நடந்துசெல்ல நேர்ந்தது. கேமராவே இல்லாத அந்தப் படைப்பில் ஒரு காட்சியின் மேல் இன்னொரு காட்சி ஏறிப் படியும் விதம் 'ட்ரீம் ஹவுஸஸ்' படத்தின் வண்ண அடுக்குகளுக்கு நெருங்கிய உறவாக இருக்கிறது. அசைபடத்தின் இலக்கணம் படச்சுருள் இல்லாமலேயே வேறு பொருளில் தொடர்ந்திருக்கிறது என்று இதை வாசிக்க இடமிருக்கிறது.

4. சுவரும் மேடையும்

1992இல் பம்பாயின் செமூல்ட் கலைக்கூடத்தில் மலானி சுவர்களின் மீதே நேரடியாக வரைந்தார். 'சிட்டி ஆஃப் டிசயர்ஸ்' என்ற அந்தப் படைப்பு ராஜஸ்தானின் நாத்துவாராவில் பராமரிப்பின்றி அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களுக்கான எதிர்ப்புக் குரலாகவும் அமைந்தது. பதினைந்து நாள் காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டது. எஞ்சியது வீடியோப் பதிவு மட்டுமே. விற்க முடியாத, அழியப்போகும் ஒன்றைப் பதிந்துவைக்கும் சாட்சியாக வீடியோ அவரிடம் திரும்பி வந்தது என்பது கவனத்துக்குரியது. புதிய தொழில்நுட்பத்தின் மீதான மயக்கம் அதில் தென்படவில்லை.

அடுத்த ஆண்டு நடிகை அலக்நந்தா சமர்த்துடன் இணைந்து, ஜெர்மானிய நாடக ஆசிரியர் ஹைனர் முல்லரின் மெடியா பிரதியை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் இயக்குநர் அனுராதா கபூருடன் பிரெக்டின் சிறுகதை ஒன்றை நாடகமாக்கினார். நடிப்பவரின் உடல், மேடையின் நேரம், எறியப்படும் படிமம் மூன்றும் ஒரே இடத்தில் கூடிய இந்தப் பணிகளே அவர் பின்னாளில் செய்த, அவரே 'வீடியோ நாடகம்' என்று அழைத்த படைப்புகளின் நாற்றங்கால். பாபர் மசூதி இடிப்பும் அதைத் தொடர்ந்த பம்பாய்க் கலவரமும் அவர் கலையைத் திருப்பின என்ற வழக்கமான விளக்கம் பொய்யல்ல. ஆனால் திருப்பத்துக்கான கருவிகள் கலவரத்துக்கு முன்பே அவர் கையில் இருந்தன என்பதை அந்த விளக்கம் காண்பதில்லை.

5. தகரப் பெட்டிகள்

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதே மாதத்தில் பாகிஸ்தானும் நடத்தியது. அதற்கு எதிர்வினையாக மலானி உருவாக்கிய 'ரிமெம்பரிங் டோபா டேக் சிங்' அவருடைய கலைவாழ்வின் நடு அச்சு. பிரிவினைக்குப் பின் இரு நாடுகளும் மனநலக் காப்பகவாசிகளைப் பரிமாறிக்கொள்வதையும், தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது புரியாமல் எல்லைக்கு நடுவே விழுந்து இறக்கும் பிஷன் சிங்கையும் பற்றிய சாதத் ஹசன் மண்ட்டோவின் கதையே தலைப்புக்கு ஆதாரம்.

கூடத்தின் தரையில் பன்னிரண்டு தகரப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. அகதிகள் உயிரோடு சேர்த்துத் தூக்கிவந்த, வடநாட்டு வீடுகளில் இன்றும் கட்டிலுக்கடியில் கிடக்கும் அதே வகைப் பெட்டி. ஒவ்வொன்றினுள்ளும் மெத்தைப் போர்வைகளுக்கிடையே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதில் வீடிழந்து பெயர்ந்தவர்களின் காட்சிகள். சுற்றிலும் பெரிய திரைகளில் அணுகுண்டு வெடிப்பின் படிமங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒருத்தி இந்தியாவையும் மற்றவள் பாகிஸ்தானையும் குறிக்கும் இரு பெண்கள் ஒரே புடவையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க முயல்கிறார்கள். துவைத்துக் காய்ந்த புடவையை இருவராக மடிக்கும்போது முனையோடு முனை சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவர வேண்டும். அந்த நடை இங்கே நடப்பதேயில்லை. புடவை அவர்களுக்கிடையே இருக்கும் வெளியில், அதாவது பார்வையாளர் நிற்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கிறது. பார்வையாளர் நிற்பது யாருக்கும் சொந்தமில்லாத எல்லை நிலத்தில் என்பது மெல்லத்தான் உறைக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபத்தை எடைபோட வேண்டும். அணு ஆயுதத்தின் பேரழிவைப் பெண்களின் வீட்டு வேலையோடு இணைப்பது பெண்ணை என்றென்றும் துயருறும் தாயாகவே நிறுத்திவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2005இல் வெனிஸ் ஈராண்டுக் காட்சியின் போது வைக்கப்பட்ட, ஐந்து திரைகளில் ஓடும் 'மதர் இந்தியா: ட்ரான்ஸாக்‌ஷன்ஸ் இன் தி கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் பெயின்' அதைத் தானே எடுத்துக்கொள்கிறது எனலாம். மானுடவியலாளர் வீணா தாஸின் கட்டுரையிலிருந்து உருவான அந்தப் படைப்பு, தேசத்தைத் தாயாக வணங்கும் வழக்கமே பிரிவினையில் பெண்ணுடலைப் போர்க்களமாக்கியது என்று வாதிடுகிறது. அதற்கு ஈராண்டு முன் வந்த 'யூனிட்டி இன் டைவர்சிட்டி' இன்னும் கூர்மையானது. பல பிரதேச உடைகளில் பதினொரு பெண்கள் இசைக்கருவிகளோடு அமர்ந்திருக்கும் ரவிவர்மாவின் புகழ்பெற்ற ஓவியத்தை உயிர்ப்பித்து, அந்த இசைக்கு நடுவே துப்பாக்கிச் சத்தத்தை நுழைத்து, பொன்முலாம் சட்டத்துக்குள் நடுத்தர வகுப்பு வரவேற்பறை ஒன்றில் அதை மலானி மாட்டினார். 2002 குஜராத் வன்முறைக்குப் பிறகு அந்த வரவேற்பறைச் சுவரைச் சுட்டியதுதான் படைப்பின் துணிவு. பாதிக்கப்பட்டவரை அல்ல, பார்த்துக்கொண்டிருந்தவரை அது விசாரிக்கிறது.

6. நிழல் நாடகமா?

2001இல் உருவான 'ட்ரான்ஸ்கிரஷன்ஸ்', அடுத்து வந்த 'கேம்பீசஸ்', 2012இல் ஜெர்மனியின் காஸல் நகரில் டாக்குமென்டா காட்சியில் வைக்கப்பட்ட 'இன் சர்ச் ஆஃப் வானிஷ்ட் பிளட்' ஆகியவை அவருடைய முதிர்ந்த வடிவத்தைக் காட்டுகின்றன. பின்புறம் தீட்டப்பட்ட மைலார் உருளைகள் கூரையிலிருந்து தொங்கி மெல்லச் சுழல்கின்றன. புரொஜெக்டரின் ஒளி அவற்றை ஊடுருவிச் சுவரில் விழும்போது, உருளையின் ஓவியம் நிழலாகவும் வீடியோவின் படிமம் ஒளியாகவும் கலக்கின்றன. காஸலில் இத்தகைய உருளைகள் ஐந்தும், வீடியோ ஓட்டங்கள் ஆறும் இருந்தன. உருளையின் சுழற்சியும் வீடியோவின் ஓட்டமும் தனித்தனியாக நடப்பதால் சுவரில் விழும் சேர்க்கை முன்பு விழுந்ததுபோல் மறுபடி அமைவது அரிது.

இவற்றை இந்திய நிழற்பாவை மரபின் நவீன வாரிசு என்று வருணிப்பது காட்சிக் குறிப்புகளில் வழக்கமாகிவிட்டது. நம் ஊர்த் தோற்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அங்கே வெள்ளைத் திரை பாவையையும் ஆட்டுபவரையும் மறைக்கிறது. முன்னால் இருப்பவர் காண்பது வண்ண நிழலை மட்டும். மலானியின் கூடத்தில் மறைப்பே இல்லை. உருளை, அதைத் தாங்கும் கம்பி, புரொஜெக்டர், சுவரில் விழும் நிழல் அனைத்தும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. நடுவே நடப்பவரின் சொந்த நிழலும் காட்சிக்குள் விழுந்துவிடுகிறது. டச்சுக் கோட்பாட்டாளர் மீக்கே பால் 2016இல் இப்படைப்புகளைப் பற்றி ஒரு தனிநூலே எழுதியதற்கு, பார்வையாளர் இவ்வாறு படிமத்தின் நடுவிலேயே அகப்பட்டுக்கொள்வது முக்கியக் காரணம். மரபின் பெயரைச் சூட்டுவது வெளிநாட்டுப் பார்வையாளருக்கு வழிகாட்டலாம். ஆனால் கருவியை வெளிப்படையாக வைக்கும் இந்த முறைக்கு உண்மையில் நெருங்கிய உறவு, 1969இல் ஒரு கட்டட மாதிரியின் மீது வண்ண ஒளியைப் பாய்ச்சிய அந்தச் சோதனை மேசைதான்.

இந்தப் படைப்புகளின் பலவீனம் அவற்றின் படிப்பறிவிலிருந்தே வருகிறது. காஸல் படைப்பின் தலைப்பு உருதுக் கவிஞர் ஃபைஸின் கவிதையிலிருந்து. உள்ளே ஜெர்மானிய எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃபின் கசான்ட்ரா, வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் திரௌபதி, முல்லர் என்று குரல்கள் குவிகின்றன. யாரும் நம்பாத முன்னறிவிப்பைச் சொல்லும் கசான்ட்ராவும், காவலர்களின் கொடுமைக்குப் பின் ஆடையணிய மறுத்து நிற்கும் பழங்குடிப் போராளி திரௌபதியும் ஒரே சுவரில் சந்திப்பது வலிமையான எண்ணமே. ஆயினும் பதினோரு நிமிடத்துக்குள் இத்தனை பேர் பேசும்போது, திரௌபதிக்கு நேர்ந்த குறிப்பான கொடுமை உலகளாவிய துயரம் என்ற பொதுமையில் கரைந்துபோகும் அபாயம் இருக்கிறது. தகரப் பெட்டியும் புடவையும் செய்த வேலையை இந்த மேற்கோள்கள் எல்லா இடத்திலும் செய்துவிடுவதில்லை.

7. விரல் நுனி

2013இல் ஃபுகுவோக்கா பரிசு, 2019இல் ஜோன் மீரோ பரிசு, 2023இல் கியோட்டோ பரிசு என்று அங்கீகாரங்கள் அடுத்தடுத்து வந்த காலத்திலேயே மலானி தம் கருவியை மீண்டும் மாற்றிக்கொண்டார். ஐபேட் திரையில் விரலால் நேரடியாக வரைந்து, வரையும் போக்கையே குறுகிய அசைபடங்களாக ஆக்கி, 2018 முதல் இன்ஸ்டாகிராமில் வெளியிடத் தொடங்கினார். அவற்றிலிருந்து உருவான 'கேன் யூ ஹியர் மீ?' அந்த ஆண்டு ஜம்முவின் கத்துவாவில் கொலையுண்ட எட்டு வயதுச் சிறுமியின் நினைவைச் சுமந்தது. 2020இல் லண்டனின் வைட்சாப்பல் கூடத்தில் 88 அசைபடங்கள் ஒன்பது புரொஜெக்டர்கள் வழியே செங்கல் சுவர்களில் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடின. கிறுக்கலாகத் தொடங்கும் ஒரு முகம் எழுத்தாகிறது, எழுத்து அழிந்து இன்னொரு உடலாகிறது. எதையும் நிறுத்திப் படிக்க விடாத வேகம்.

பட்டறையும் நல்கையும் படச்சுருளும் கழுவுகூடமும் இல்லாமல் ஒரு கலைஞர் தனியாக அசைபடம் செய்யலாம் என்ற நிலை இப்போது வந்துவிட்டது. 1970களில் அவர் பணியை நிறுத்திய தடைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனால் கைப்பேசியில் தனியாகப் பார்க்கப்படும் அசைபடத்துக்கும், உடலோடு உள்ளே நுழைந்து தன் நிழலையும் சேர்த்துப் பார்க்கப்படும் கூடத்துக்கும் இடையேயான வேறுபாட்டை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. பார்வையாளரைப் படிமத்துக்கு நடுவே நிறுத்துவதே மலானி நாற்பதாண்டு உழைப்பில் கண்டடைந்த முறை என்றால், சிறுதிரைக்காகவே வரையப்பட்ட படங்களைச் சுவரளவுக்குப் பெருக்கும்போது அந்த முறை காப்பாற்றப்படுகிறதா, வெறும் அளவாக மட்டும் மாறிவிடுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வைட்சாப்பல் காட்சியைப் பற்றிய பாராட்டுரைகள் சிறுமியின் நினைவையும் வேகத்தையும் பேசிய அளவுக்கு இதைப் பேசவில்லை. வீடியோ நாடகங்களையும் ஐபேட் அசைபடங்களையும் ஒரே தொடர்ச்சியாக வரிசைப்படுத்தும் அடுத்த பின்னோக்குக் காட்சி இந்தக் கேள்வியைத் தவிர்க்க இயலாது.